யாருக்கும் வேண்டாத சுவர்

மாடி எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார். தெருவில் அவருக்கு ‘முன்ஜாக்கிரதை’ என்று பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் குடையோடு போகிறவர். கட்டி முடிக்கும்வரை புதிய மாடிக்கும், கீழே இருக்கும் பழைய வீட்டுக்கும், உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் சேர்த்தே பாலிசி. சாமான்கள் என்றால் முக்கியமாக மனைவியின் தையல் மெஷின்கள். முன்னறையில் அவள் நடத்தும் தையல் கடையில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

பாலிசியில் ஒரே ஒரு நிபந்தனைதான் அவரை உறுத்தியது. தொடர்ந்து ஒரு மாதம் வேலை நின்றால் பாதுகாப்பும் நின்றுவிடும். ‘வேலை எதுக்கு நிக்கப்போகுது’ என்று கையெழுத்துப் போட்டார்.

நின்றது. கான்கிரீட் போட்ட கையோடு நின்றது. மாடி அவருடைய தம்பி குடும்பத்துக்கு. பிளான்படி படிக்கட்டு தையல் அறைக்குள்ளிருந்து ஏற வேண்டும்; அதற்காகத் தளத்தில் ஓட்டையும் விட்டாகிவிட்டது. அதை அண்ணாந்து பார்த்த பிறகுதான் மனைவிக்கு விஷயம் உறைத்தது.

“அளவு கொடுக்க வர்ற பொம்பளைங்க நடுவுல உங்க தம்பி லுங்கியோட இறங்கி வருவாரா? படிக்கட்டு வெளியிலதான்.”

“வெளியில வச்சா மழையில நனைஞ்சுக்கிட்டா ஏறுவேன், அண்ணி?” என்றான் தம்பி.

“ஏறுங்க. குளிச்ச மாதிரியும் ஆச்சு.”

அதற்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. ஓட்டையின் மேல் தார்ப்பாய் விரித்துவிட்டு மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். முன்ஜாக்கிரதை யார் பக்கமும் பேசவில்லை. அவருடைய கவலை காலண்டர்மேல் இருந்தது. மாதம் முடியப் போகும் நேரத்தில் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்ன வேலைங்க?”

“ஏதாவது கட்டுங்க. ரெண்டு பேருக்கும் கோபம் வராத மாதிரி.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு, படிக்கட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று, மாடித் தளத்தில் ஓட்டையிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு சுவரைத் தொடங்கினார். வாரம் ஒரு வரிசை செங்கல். ஒவ்வொரு வரிசைக்கும் முன்ஜாக்கிரதை போட்டோ எடுத்து வைத்தார். சுவர் இடுப்பளவு வளர்ந்தது. வீட்டில் அமைதியும் வளர்ந்தது. சண்டை தீர வேண்டிய அவசியமே இல்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அந்த வாரம் காற்றோடு மழை வந்து தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஓட்டை வழியாகக் கொட்டிய தண்ணீரில் மெஷின்களின் மோட்டார்கள் நனைந்து செத்தன. பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் சேற்றில் மிதந்தன. மனைவி அழவில்லை; ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் பிழிந்தாள். “பாலிசி இருக்கில்ல?” என்று மட்டும் கேட்டாள். “இருக்கு” என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மெஷின்களைப் பார்த்தார், போட்டோக்களைப் பார்த்தார். மேலே ஏணி வைத்து ஏறிச் சுவரையும் பார்த்தார். மேஸ்திரி உட்பட மற்றவர்களும் பின்னாலேயே ஏறினார்கள்.

“வேலை நிக்கலைன்னு தெரியுது. ஆனா இந்தச் சுவர் எதுக்கு? பிளான்ல இல்லையே.”

முன்ஜாக்கிரதை மனசுக்குள் கணக்குப் போட்டார். சுவர் கட்டட வேலை என்றால், சொல்லாமல் பிளானை மாற்றிய குற்றம். வேலையே இல்லை என்றால், நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி வானத்தைப் பார்த்தான்.

“படிக்கட்டுக்குத்தான் சார்” என்றாள் மனைவி. “ஏறி வர்ற இடத்துல தடுப்புச் சுவர். குழந்தைங்க விழுந்துடக்கூடாதுன்னு.”

சர்வேயர் பிளானை விரித்தார். “படிக்கட்டு இங்க வருது. சுவர் ஒரு அடி தள்ளி இருக்கே.”

“மேஸ்திரி கணக்கு தப்பிடுச்சு சார்.”

“என் கணக்கா?” மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இருபது வருஷமா கட்டறேன், இதுவரைக்கும் ஒரு நூல்கூட…”

மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்குக் கண்ணு சரியில்லைங்க.”

“சரி. சுவர் வரைக்கும் ஓட்டையை அகலப்படுத்திடுங்க. படிக்கட்டு முடிஞ்சதும் நான் வந்து பார்க்கணும், அப்புறம்தான் ஃபைலை மூட முடியும்” என்று எழுதிக்கொண்டு இறங்கினார் சர்வேயர்.

அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை தம்பி பொறுத்துக்கொண்டான். “அப்போ உள்ளதான் படிக்கட்டு, அண்ணி?”

“உள்ளதான்.”

“பிளானைவிட ஒரு அடி அகலமா வேற.”

“ஆமா. ராஜா மாதிரி இறங்கி வாங்க.”

முன்ஜாக்கிரதைக்குப் போன உயிர் வந்தது. மெஷின்களுக்குப் பணம் வரும், கடை பிழைத்தது, சண்டையும் ஒருவழியாகத் தீர்ந்தது. கீழே இறங்கியதும், எல்லாம் தன்னுடைய சுவரால்தான் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி துணி வெட்டும் மேஜையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க. கடை இனி நம்ம படுக்கையறையில. நீங்க உங்க சுவர் பக்கத்துல மாடியில படுத்துக்கோங்க.”