துண்டுக்குள் குளிர்ந்த கை

முனவர் பேகத்தின் எலும்பு மஜ்ஜைக்கு வீட்டில் பேசி முடித்த விலை இரண்டு தங்க வளையல். எண்பத்தேழில் தம்பி கௌஸ் மொய்தீனுக்கு ரத்தப் புற்று வந்து, அக்காவின் மஜ்ஜை பொருந்தும் என்று டாக்டர்கள் சொன்னபோது, அவள் சும்மாவே கொடுக்கத் தயாராக இருந்தாள். பெற்ற அத்தா அக்பர் பாஷாதான் ஒப்பவில்லை. மாட்டு வியாபாரி, சும்மா வந்த சரக்கு தங்காது என்பது அவர் கொள்கை. வளையல் ஒன்று அட்வான்ஸ். இன்னொன்று, சரக்கு முழுசாக வேலை செய்த பிறகு.

பையன் பிழைத்தான். கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சந்தைகளில் அத்தாவோடு மாடு பிடிக்க நின்றான். ஒன்பது வருஷம் ஆயிற்று. மறு வளையல் மட்டும் பெட்டியைவிட்டு வரவில்லை. வருஷா வருஷம் போகவேண்டிய பரிசோதனையும் நின்றுபோயிருந்தது. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிப்பது என்றார் அத்தா.

பிறகு கௌஸ் மந்தமானான். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர். முகம் உப்பி, குரல் கரகரத்து, கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவர் டீ குடித்து முடித்துவிடலாம்.

"எல்லாம் அவ மஜ்ஜை. சின்னதுலயே தூங்குமூஞ்சி அவ" என்று அத்தா பழியை மகள்மேல் இறக்கினார். வைத்தியம் மட்டும் பேசவில்லை. காரணம் சந்தையில் இருந்தது.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, அதனடியில் விரலைப் பிடித்துப் பேச வேண்டும், விரலுக்கு ஆயிரம். தொழிற்பேட்டைக்கு நிலம் போய், ஏர் மாட்டை விற்க வந்த சென்னப்பன், கௌஸின் ஐந்து விரலையும் பிடித்தார். கௌஸ் பதிலுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. அவன் கை குடத்தடி மண்போலச் சில்லென்று கிடந்தது. யோசித்துக்கொண்டுதான் இருந்தான், யோசனைதான் வந்து சேரவில்லை.

"என்னா பாயி, ஒண்ணும் பேச மாட்டேங்கறே?" சென்னப்பன் ஒரு விரலை விட்டார்.

கௌஸுக்குக் கண் சொருகியது.

"யப்பா, என்னா நெஞ்சழுத்தம்! சாக்கு பாயி, போதும். எடுத்துக்கோ." இன்னொரு விரலும் போயிற்று. ஐந்து மூன்றானது.

அந்த வருஷம் அத்தா வீட்டுக்கு மாடி எடுத்தார்.

பக்ரீத்துக்கு, வாக்கப்பட்ட ஊரான மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்த முனவர், தம்பி பிரியாணித் தட்டின் மேலேயே தூங்கி விழுவதைப் பார்த்தாள். நாடியைப் பிடித்தாள். அதுவும் யோசித்து யோசித்து அடித்தது.

"அத்தா, இவன் செத்துக்கிட்டு இருக்கான்."

"ஏவாரம் நல்லாப் போவுதும்மா."

"மையத்து இன்னும் நல்லாப் பேரம் பேசும். கை இன்னும் சில்லுனு இருக்கும்."

மறுநாளே தம்பியையும் அத்தாவையும், மஜ்ஜை ஏற்றிய ஆஸ்பத்திரிக்கே பஸ் ஏற்றினாள். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டுத் திட்டினார். "மஜ்ஜை ஏத்தறதுக்கு முன்னாடி உடம்பு முழுக்கக் கதிர் வெச்சோமே, அதுல தொண்டையில இருக்கற தைராய்டு சுரப்பி கெட்டிருக்கு. வருஷங்கழிச்சும் இப்படி வரும். அதுக்குத்தானே தவறாம வரச் சொன்னது? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, தூக்கத்துலயே போயிருப்பார்."

"அப்ப அக்கா மஜ்ஜை?" என்றார் அத்தா.

"அது பிரமாதமா வேலை செய்யுது."

தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. மூன்று மாதத்தில் கௌஸின் கை சூடாகிவிட்டது; வாயும். "நல்ல மாடுண்ணே, சுழியைப் பாருங்க!" என்று விற்க வந்தவரின் மாட்டை இவனே புகழ்ந்தான். சென்னப்பன் பசு ஒன்றைக் கொண்டுவந்து, போன தடவை விட்டதை வட்டியோடு வாங்கிப் போனார்.

முனவர் வளையல் கேட்டு வந்தாள்.

"முழுசாத் தேறலியே! தெனம் மாத்திர திங்கறானே" என்றார் அத்தா.

"துண்டு போட்டுப் பேசிக்குங்க" என்று சிரித்தபடி கௌஸ் இருவர் கைமேலும் துண்டை வீசினான். அத்தா ஒரு விரலைப் பிடித்தார்: ஆயிரம், வளையலில் பாதி விலை. முனவர் அசையவில்லை. அடுக்களையில் குடத்துத் தண்ணீரில் கையை ஊறவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அத்தாவின் முகம் வெளுத்தது. "என்னாம்மா, கை இப்பிடிச் சில்லுனு... ஒனக்கும் வந்துடுச்சா?"

அவள் தம்பியைப் போலவே கண்ணைச் சொருகினாள். அத்தா பெட்டியைத் திறக்க ஓடினார்.

மஜ்ஜைக் கணக்கில் வளையல் இரண்டும் வரவு, பைசல். அக்காமேல் போட்ட பழியை யாரும் திருப்பி எடுக்கவில்லை, அது பாக்கி. மாத்திரை, நாளுக்கு ஒன்று. ஆயுசு உள்ளவரை பாக்கி.