செண்டோலில் இரண்டு பிடி உப்பு

காக் லோங் எங்கள் கடைக்கு முன்னால் வந்து நின்றபோது மணி ஏழு. நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அவர் என் கணவர் இஷாக்கின் மூத்த அக்கா. தைப்பிங் சந்தையில் இந்த செண்டோல் கடையைப் பத்து வருடம் நடத்திவிட்டு, மூட்டுவலி வந்ததும் எங்கள் கையில் கொடுத்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே நோன்பு மாதத்தில், நோன்பு திறக்க ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "என்ன மஸ்னா, சப்புன்னு கிடக்கு" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படின்னா நீங்களே வந்து போட்டுக்குங்க" என்றேன். அன்றைக்கு எழுந்து போனவர்தான். பெருநாளைக்குப் போனால்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். ஆனால் போய் மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை.

இப்போது அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு போடு. இங்கயே நோன்பு திறந்துட்டுப் போறேன்."

இஷாக் ஐஸ் கட்டியை இயந்திரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். குவிந்த ஐஸ் சீவலின் மேல் செண்டோலின் பச்சை மாவு இழைகளையும் வேகவைத்த சிவப்புப் பயறையும் போட்டு, வெல்லப்பாகு விட்டு, பானையைச் சாய்த்து மிச்சமிருந்த தேங்காய்ப்பாலை எல்லாம் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன்.

காலிப் பானையைக் கழுவும்போது இஷாக் பக்கத்தில் வந்தார்.

"பாலுக்குப் போட்ட உப்பு அடியில தங்கியிருக்கா பாரு. அவசரத்துல போட்டேன், கலக்கினேனான்னு ஞாபகம் இல்ல."

"நீங்க போட்டீங்களா? உப்பு நான்ல போட்டேன்!"

"எப்ப?"

"நீங்க அஸர் தொழப் போனப்ப."

"நான் தொழுதுட்டு வந்து ஒரு பிடி போட்டேன்டி!"

மற்ற மாதமாக இருந்தால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்திருப்போம். நோன்பில் யார் ருசி பார்ப்பது? ஐந்து மணியிலிருந்து விற்றதெல்லாம் பொட்டலமாக வீடுகளுக்குப் போய்விட்டது. பாங்கு சொன்னதும் ஊரே வாயில் வைக்கும். ஊர் திட்டினால் திட்டட்டும், நாளைக்குப் பல்லைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். காக் லோங்கை எப்படிச் சமாளிப்பது? இன்னொரு முறை எழுந்து போனால் அவர் திரும்பி வரப்போவதில்லை.

"போய் அந்தக் கிண்ணத்தை வாங்கிட்டு வாங்க, அபாங்" என்றேன் இஷாக்கிடம்.

"என்னன்னு சொல்லி வாங்குறது? ரெண்டு வருஷம் கழிச்சு வந்து உக்காந்திருக்காங்க. குடுத்ததைப் புடுங்கச் சொல்றியா?"

"உங்க அக்காதானே!"

"வம்பை வாங்கினது உன் வாய்தானே!"

காக் லோங் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் மெல்லச் சரிந்து பாலுக்குள் இறங்கியது. இறைவா, இந்த அம்மாவின் நாக்கு இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மரத்துப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நோன்பு நேரத்தில் கேட்கிற வேண்டுதலா இது? ஆனால் கேட்டேன்.

பாங்கு ஒலித்தது. காக் லோங் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, கரண்டியை எடுத்தார். ஒரு வாய். நிறுத்தினார். நன்றாகக் கலக்கினார். இன்னொரு வாய்.

"இங்க வாங்க ரெண்டு பேரும். இதுல உப்பு போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்க்கா" என்றார் இஷாக், அதே நேரத்தில்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் முதல்ல..."

"இல்லக்கா, இவ போட்டது சரியாத்தான் இருந்திருக்கும். மேல நான் போட்டதுதான்..."

"அப்ப ரெண்டு பேருமே போட்டிருக்கீங்க."

அவர் மூன்றாவது வாயும் வைத்தார்.

"இப்பதான் ரெண்டு பேருக்கும் புத்தி வந்திருக்கு" என்றார் காக் லோங். "மத்த நாள்ல போட்ட உடனே சாப்பிட்டுருவாங்க, ஒரு பிடி போதும். நோன்புல பாங்கு வரைக்கும் காத்துக் கெடக்குது, ஐஸ் உருகித் தண்ணியாப் போகுது. நான் இருந்தவரைக்கும் இந்த மாசம் ரெண்டு பிடிதான். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். எங்க சொல்ல விட்ட? வெடுக்குன்னு கடிச்சியே!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

"மன்னிச்சிருங்க, காக் லோங்."

இரண்டு வருடமாக வராத சொல் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு. ரெண்டு பேரும் தண்ணியாவது குடிச்சீங்களா, இல்ல என் வாயையே பாத்துட்டு நிக்கிறீங்களா?"

குடிக்கவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, தொண்டை வறண்டு கிடந்தது.

காக் லோங் கிண்ணத்தை மேசை நடுவில் தள்ளி வைத்தார். "போய் இன்னும் ரெண்டு கரண்டி எடுத்துட்டு வா."

எடுத்துவந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு முதல் வாய் வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.