நூற்று எண்பத்து மூன்றாம் நாற்காலி

இப்போதெல்லாம் விரலை வைத்தால் போதுமாம். சேப்பல் வாசலில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கட்டைவிரலை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், வருகைப் பதிவு முடிந்தது. போன மாதம் சான்றிதழ் நகல் ஒன்று வாங்குவதற்காக நான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கண்ணாலேயே பார்த்தேன். பிள்ளைகள் முன்வாசலில் விரலை வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக நேரே கேன்டீனுக்கு நழுவுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் காலத்தில் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. எங்கள் காலத்தில் மேலே என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நகரத்தின் நட்டநடுவில், இரண்டு பேருந்துச் சாலைகளுக்கு இடையில் இருந்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அது. நீ எந்த மதமாக வேண்டுமானாலும் இரு, வாரத்தில் ஒருநாள், உன் குழுவுக்குக் குறித்த நாளில், முக்கால் மணிநேரம் சேப்பலில், அதாவது ஜெபக்கூடத்தில், உட்கார வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வுக்கு அனுமதி கிடையாது. உள்ளே நானூறு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருக்கும். சேர்ந்த அன்றே நமக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். படிப்பு முடிகிறவரை அதுதான் நம் இடம்.

அப்பா பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளர். சேப்பல் நேரத்தில் மட்டும் சுழல் படிக்கட்டில் ஏறி, மாடத்தில் உட்கார்ந்து, நாற்காலி வரைபடத்தை மடியில் விரித்துவைத்துக்கொள்வார். காலியான நாற்காலிக்கு மேல் ஒரு பென்சில் கோடு, அவ்வளவுதான் வேலை. ஜெபம் நடக்கும்போதுதான் கணக்கெடுப்பார், ஏனென்றால் அப்போதுதான் ஒருவரும் அசையமாட்டார்கள். நானூறு பேரும் தலை குனிந்திருப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த மனிதர் பார்த்ததெல்லாம் உச்சந்தலைகள்தான்.

அதனால் அவருக்கு யாருடைய முகமும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன். வழியில் மாணவர்கள் வணக்கம் வைத்தால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலைகளின் கதை ஆரம்பித்துவிடும். "முப்பத்தி நாலுக்கு இந்த வயசுலயே சொட்டை விழுது, பாவம்." "இருநூத்தி பத்தும் இருநூத்தி பதினொன்னும் பேசிக்கறதில்ல போல. ரெண்டு தலையும் ஆளுக்கொரு பக்கமா சாஞ்சிருக்கு." நான் வாய்விட்டுச் சிரிப்பேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள்.

என் சிநேகிதியை முதல்முறை வீட்டுக்கு அழைத்துப் போனது இன்னும் நினைவிருக்கிறது. நெடுநெடுவென்று வளர்ந்தவள், வகுப்பில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். சுருக்கமாக ஒட்டடை. நான் அவள் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். அவள் என்னைக் குள்ளச்சி என்பாள். நாங்கள் இருவரும் கேன்டீன் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. அப்பா கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, "யாரும்மா வேணும்?" என்றார். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். அவ்வளவுதான், அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நூத்தி எண்பத்தி மூணா! வாம்மா, வா வா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

ஒட்டடை அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் வருஷம் அவளுடைய அம்மா படுத்துவிட்டாள். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளியிருந்த மருத்துவமனையில், நெடுநாள் நோயாளிகள் வார்டில் சேர்த்திருந்தார்கள். பார்வையாளர்களுக்கு வாரத்தில் இரண்டே நேரம்தான். ஞாயிறு மதியம் ஒரு தடவை, புதன் காலை பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்றுகொள்ளும், தாயும் மகளும் ஒரு வார்த்தை பேச முடியாது. புதன்கிழமை பத்து மணிக்கு ஒட்டடைக்குச் சேப்பல்.

எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தாள். நான்கு நாள் விடுப்பு கொடுத்தார்கள், அது நான்கு வாரத்தில் தீர்ந்தது. என்னை மாதிரி திங்கட்கிழமைக் குழுவுக்கு மாற்றச் சொன்னாள். திங்கட்கிழமை நாற்காலி ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். நூலகத்துப் படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் இடத்துல நான் உக்காந்துக்கறேன்," என்றேன்.

"உனக்கென்ன கிறுக்கா? மேல யாரு இருக்காங்கன்னு மறந்துட்டியா?"

"அதனாலதான்டி நான். வேற எவளை உக்கார வெச்சாலும் தலையப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு. உன் தலைய அச்சு அசலா வாரத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா பாத்துக்கலாம். எனக்குத்தான் போய்ப் பாக்க அம்மா இல்ல. உனக்கு இருக்காங்க இல்ல? போ."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் சட்டை முழுக்க ஈரமானது.

மாட்டினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. வராதவர் விட்டதை ஈடு செய்தால் போதும். அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பருவத் தேர்வு கிடையாது. விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அரை வருஷம் அம்போ.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு நூலகத்துக் கழிப்பறையில் என் நடு வகிட்டைக் கலைப்பேன். அவளைப் போலவே இடப்பக்கம் வகிடெடுத்து, ஒற்றைப் பின்னல் போட்டு, அவளுடைய நீலக் கிளிப்பைக் குத்துவேன். போய் நூற்று எண்பத்து மூன்றில் உட்காருவேன். ஜெபம் தொடங்கியதும் முகம் தெரிந்துவிடக் கூடாதே என்று எல்லாரையும்விட ஆழமாகக் குனிவேன். புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட முட்டாள்தனம் அது. முகத்தையே பார்க்காத மனிதரிடமிருந்து முகத்தை மறைத்துக்கொண்டு, அவர் பார்க்கிற ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் வாசலிலேயே காத்திருந்தேன். சாயங்காலம் அப்பா வந்தார், டீ குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று. ஒட்டடை ஒவ்வொரு புதனும் வந்து அம்மா என்ன பேசினாள், எத்தனை வாய் சாப்பிட்டாள், எந்த நர்ஸைத் திட்டினாள் என்று ஒப்பிப்பாள். கேட்கக் கேட்க எனக்கும் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பதினோரு வாரம்தான் நான் படித்த காலத்திலேயே எனக்கு மிகப் பிடித்த காலம். அப்பா புதன்கிழமைகளில் மட்டும் தலைகளின் கதை சொல்வதை நிறுத்திவிட்டிருந்தார் என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

பன்னிரண்டாவது வாரம் வெளியூரிலிருந்து ஒரு விருந்தினர் பிரசங்கம் செய்ய வந்தார். எங்கள் போதகர் ஐயாவுக்கு அன்று ஓய்வு. சும்மா இருக்க முடியாத மனிதர், நோயாளிகளுக்கு ஜெபம் செய்யலாமென்று பின்தெரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒட்டடை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மனிதர் உருகிப்போய், திரும்பி வந்ததும் மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் டீன் அம்மாவின் அறையில், "நம்ம பொண்ணு ஒருத்தி அம்மாவை எப்படிப் பாத்துக்கறா தெரியுமா!" என்று வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார். எத்தனை மணிக்கு என்று டீன் அம்மா கேட்டாராம். அப்புறம்தான் ஐயா நாக்கைக் கடித்துக்கொண்டார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நூற்று எண்பத்து மூன்றின் மேல் கோடு இல்லை.

மறுநாள் டீன் அறையில் ஒட்டடை நின்றாள். அவளுடைய சிநேகிதி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போதகர் ஐயா ஓரத்தில் முகம் தொங்க உட்கார்ந்திருந்தார். யார் உட்கார்ந்தது என்று கேட்டதற்கு ஒட்டடை, "தெரியாது மேடம்," என்று தரையைப் பார்த்தாள். டீன் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்," என்றேன். சும்மா சொல்லக் கூடாது, துளிக்கூடத் தடுமாறாமல் சொன்னேன்.

பிறகு அப்பாவை வரச் சொன்னார்கள். பென்சில் காதில் செருகியபடியே வந்தார். டீன் அம்மா நல்லவர்தான். இழுத்தடிக்க அவருக்கும் விருப்பமில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மேலேர்ந்து பாத்தா முகம் தெரியாதுன்னு எனக்கும் தெரியும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, எழுதி மூடிடலாம். நூத்தி எண்பத்தி மூணுல இத்தனை வாரமா உக்காந்திருந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லுங்கப்பா, ஒரே ஒரு வார்த்தை என்று மனசுக்குள் கதறினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்மா. என் பொண்ணு."

ஒட்டடை என் கையைப் பிடித்தாள். போதகர் ஐயா, "அது எப்படி நிச்சயமா சொல்றீங்க? வேற யாராவது இருக்கலாமே?" என்று பாவம், ஒரு கயிற்றை வீசிப் பார்த்தார்.

"அவளுக்கு உச்சியில ரெட்டைச் சுழி ஐயா. எப்படி வாரினாலும் அடங்காது. பத்து வருஷம் நான்தானே வாரிவிட்டேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றார் டீன் அம்மா.

"மொத வாரத்துலேர்ந்து."

"தெரிஞ்சுமா கோடு போடாம விட்டீங்க?"

"நாற்காலி காலியா இல்லையேம்மா," என்றார் அப்பா. கிண்டல் இல்லை, அவருக்குக் கிண்டல் வராது.

முடிவு அன்றே வந்துவிட்டது. எனக்கு அந்தப் பருவத் தேர்வு இல்லை. அப்பாவை மாடத்திலிருந்து இறக்கி, மேசை நாற்காலி பழுது பார்க்கும் கிடங்கில் போட்டார்கள். ஒட்டடை விட்ட நாட்களை ஈடு செய்தால் போதும் என்றார்கள். புதன்கிழமை விடுப்புக்குப் போதகர் ஐயாவே தம் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் அதை மூன்று மாதம் முன்னாலேயே எழுதித் தொலைத்திருக்கலாம். அவளுடைய அம்மா அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தாள். ஒரு புதனைக்கூட ஒட்டடை தவறவிடவில்லை.

நான் அப்பாவோடு ஒன்பது நாள் பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. டீ போட்டு மேசையில் ணங்கென்று வைப்பேன். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். தோழிகள் எல்லாம் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை முதல் தேர்வு. மணி அடிக்கும் நேரத்தில் எனக்குத் தாங்கவில்லை, வெடித்துவிட்டேன்.

"ஒரு வார்த்தைப்பா! தெரியலன்னு ஒரே ஒரு வார்த்தை! அந்த அம்மாவே எடுத்துக் கொடுத்தாங்களே! பதினோரு வாரம் வாய மூடிட்டு இருக்கத் தெரிஞ்சுது, அந்த ஒரு நிமிஷம் இருக்க முடியலையா? பெத்த பொண்ணவிட உங்களுக்கு அந்தப் பென்சில் பெருசாப் போச்சா?"

அப்பா கிடங்குக்குப் போவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தெரியலன்னு சொல்லத்தான்மா வந்தேன். படியேறும்போது ரெண்டு தடவ சொல்லிக்கூடப் பாத்துக்கிட்டேன்."

"அப்புறம் என்ன கேடு?"

"யாருன்னு கேட்டாங்க. நீ எதிர்ல நிக்கற." தப்பான ஓட்டையில் போட்ட பொத்தானைக் கழற்றினார். "உன்னை எதிர்ல வெச்சுக்கிட்டு, இது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும். வாய் வரலடி."

டீன் அறையில் அவர் வருவதற்கு முன்னால், அதே கேள்விக்கு, என் உயிர்ச் சிநேகிதி பக்கத்தில் நிற்கும்போது, நான் எவ்வளவு சுளுவாகத் தெரியாது என்று சொன்னேன்! உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், பாதி பொத்தான் போட்ட சட்டையோடு, அன்று கிடங்குக்கு ஒரு மணிநேரம் தாமதமாகப் போனார்.

ஆறு மாதம் கழித்து, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தத் தேர்வை எழுதினேன். சான்றிதழில் என் வருஷம் மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகாது. போன மாதம் நகலைக் கொடுத்த அலுவலகப் பெண்கூட, "நடுவுல ஒரு பருவம் விட்டுப் போயிருக்கே, என்னாச்சு மேடம்?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? அந்த அரை வருஷத்தை இன்றைக்கு யாராவது திருப்பித் தருகிறேன் என்று வந்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.