காப்பும் மாத்திரையும்

பாபநாசம் எட்டு நாளாக மாத்திரை போடவில்லை. கேட்டால் காப்பு கட்டியிருக்கிறதாம். அவன் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கோமரத்தாடி; கொடைத் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவன். காப்புக் கையால் மருந்து தொடக்கூடாதாம். கொடை கழிந்து எட்டாம் நாள் வரும் எட்டாம் கொடை முடிந்துதான் காப்பை அவிழ்ப்பார்கள். அதற்கு இன்னும் எட்டு நாள் கிடக்கிறது.

அவன் மனைவி முத்துராணிக்கு வயிறு எரிந்தது. இருவருக்கும் எச்.ஐ.வி. என்பது சீவலப்பேரியில் ஒரு காக்கைக்கும் தெரியாது. மாதாமாதம் டவுன் பஸ் ஏறித் திருநெல்வேலி போய், வரிசையில் நின்று இரண்டு பேருக்கும் மாத்திரை வாங்கி வருகிறவள் அவள்தான். போன கொடைக்கும் இவன் இப்படித்தான் விட்டான். பிறகு நடவு என்று விட்டான், ஜலதோஷம் என்று விட்டான். கிருமி ஏறி, பழைய மருந்து கேட்காமல் போய், வேறு மருந்துக்கு மாற்றினார்கள். "இதுவும் கேக்காமப் போச்சுன்னா ரொம்பக் கஷ்டம்மா" என்றார் டாக்டர். தின்னாதவன் அவன், திட்டு வாங்கியவள் இவள்.

கொடையன்று காலையில் தன் மாத்திரையை விழுங்கிவிட்டு, அவனுடையதை நீட்டினாள்.

"ஏட்டி, சாமி காரியத்துல வெளையாடாத."

"உசுரு காரியத்துல நீங்கதான் வெளையாடுதிய."

செவிடன் காதில் ஊதிய சங்கு.

மதியக் கொடையில் அவன் ஆடி, அருள் இறங்காமலே வரிசையில் நின்றவர்களுக்குத் திருநீறு பூசி வாக்குச் சொன்னான். முத்துராணியும் போய் வரிசையில் நின்றாள். புருசனிடமே குறி கேட்க வந்தவளைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள்.

"சாமி, என் வீட்டுக்காரரு தெனமும் ஒரு மாத்திர சாப்புடணும். ஒனக்குக் காப்பு கட்டுனதுலருந்து நிப்பாட்டிட்டாரு. சாப்புடலாமா, கூடாதா? நீயே சொல்லு."

சாமியின் கண் ஒரு நொடி புருசன் கண்ணாக மிரண்டது. என்ன மாத்திரை என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் சாமி முந்திக்கொண்டது.

"திங்கச் சொல்லு! நான் தடுக்கல!"

குலவை எழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"சாமி சொன்னது எனக்கு எப்படிட்டி தெரியும்? ஆடுறப்ப நெனப்பே இருக்காதுல்லா."

ஊரில் எந்தக் கோமரத்தாடியும் அப்படித்தான் சொல்வான். பொய் என்று சொன்னால் சாமி குத்தம். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஒங்களுக்கு நெனப்பில்லன்னா என்ன? ஊரே கேட்டுச்சு. சாமி வாக்க மீறுன கோமரத்தாடிய அடுத்த கொடைக்கு ஆட விடுவாவளா?"

பாபநாசம் காப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாங்கி விழுங்கினான்.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"மூணு வருசமா தெனமும் இதத்தான சொல்லுதேன். நான் சொன்னா மட்டும் ஏம்யா ஒங்களுக்கு ஏற மாட்டேங்கு?"