நாலாவது கால்

மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியபடியே நின்றன. ஞாயிற்றுக்கிழமை, பட்டறை விடுமுறை. முதலாளி சாவியை மட்டும் கொடுத்திருந்தார். மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் இரும்புக் கட்டிலை இன்றாவது முடித்து வீட்டுக்குக் கொண்டுபோயாக வேண்டும். பிரசவத்திலிருந்து தரையில் படுக்கும் மனைவியால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. இப்போதெல்லாம் அவள் சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பட்டறையில் அவனைப் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற வெல்டர்கள் ஒட்டு வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவன் ஒட்டின்மேல் எழும் மேட்டைத் தேய்ப்பான். தடவிப் பார்ப்பான். நகம் இடறினால் மறுபடி தேய்ப்பான்.

வர்ணம் அடிக்க வந்த பெயிண்ட் அக்கா டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் துணி ஊறிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள். ஒருவழியாக இருவரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைத் தூக்கி இறக்கினார்கள். தரையில் பட்டதும் ஒரு கால் டக்கென்று மடங்கியது. ஒட்டு இருந்த இடத்தில் தகரம்போல மெல்லிய விளிம்புதான் மிச்சம்.

"பத்தவச்சத பூரா வழிச்சு எடுத்துட்டியே தம்பி. புள்ளையோட அவ விழுந்திருந்தா?"

அவன் மற்ற கால்களை உதைத்தான். அவையும் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஆத்திரம் தாங்காமல் சுத்தியலை எடுத்துப் பக்கத்தில் நின்ற இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தான். கைதான் அதிர்ந்தது, சட்டம் அசையவில்லை.

லாரி இன்ஜின்களைத் தொங்கவிடும் சட்டம் அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிரைண்டர் பழுதாகிக் கிடந்த ஒருநாள் அவசரத்தில் அவன் ஒட்டியது. ஒட்டெல்லாம் புழு நெளிந்த மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் கண் போனாலே அவனுக்குக் கூசும். குனிந்து பார்த்தான். ஒரு விரிசல் இல்லை. இன்னொரு ஒட்டில் அடித்தான். அடுத்ததிலும்.

"அதையும் உடச்சுப்புடாதப்பா. நமக்குச் சோறு போடுறதே அதுதான்."

"உடையாதுக்கா." எரிச்சலோடுதான் சொன்னான். "நான் வச்சது."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. ஒட்டு வைக்க அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் இத்தனை வருஷம் செய்ததெல்லாம் அதைக் கெடுக்கிற வேலை.

கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு முதல் காலை வைத்தான். மேடு கோணலாக எழுந்தது. தடவப் போன விரல் சுட்டுக்கொண்டு திரும்பியது. இரண்டு. மூன்று. அக்கா ஒவ்வொரு காலையும் மிதித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

நாலாவதற்குக் கையை விட்டால் பெட்டியில் வெல்டிங் ராடு இல்லை. ஒட்டி, தேய்த்து, மறுபடி ஒட்டியே எல்லாவற்றையும் தீர்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் கிடையாது.

வீட்டில் மனைவி பாயை விரித்துக்கொண்டிருந்தாள். கட்டில் எங்கே என்று கேட்கவில்லை. மூன்று கால் நிற்கிறது என்று அவனாகத்தான் சொன்னான்.

"அப்ப அந்த மூணுல நீ போய்ப் படு," என்று பழையபடி சீறித் தலையணையை அவன்மேல் எறிந்தாள்.

அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன் ஒட்டித் தர இன்னும் ஒரு கால் பாக்கி.