கை முறிந்ததற்கு எந்தப் பெட்டி?

“என்ரை மனிசன்ரை கையை முறிச்சுப் போட்டிருக்கிறாங்கள். அதுக்கு நீங்கள் ‘மரியாதைக் குறைவு’ எண்டோ எழுதிக் குடுத்தனீங்கள்?”

“தங்கச்சி, சத்தம் போடாதை. கீழ்வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்! றோட்டிலை போட்டு மிதிக்கேக்கை வாய் திறக்காத சனத்துக்கு இப்பவாவது கேக்கட்டும்!”

றெஜினா மேசையில் அறைந்த அறையில் உருத்திரமூர்த்தியின் தேத்தண்ணிக் கோப்பை துள்ளி விழுந்து மூன்றாக உடைந்தது. கீழ்வீட்டுக்கு நன்றாகவே கேட்டது. அங்கே சிவநேசம் அக்கா கறி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைக்கூட அணைத்துவிட்டு, காதை முகட்டுக்குக் கொடுத்தபடி நின்றார். பாட்டுக் கேட்பவர்போல அகப்பையால் தாளம் போடாததுதான் குறை.

பிரெஞ்சு பேசும் குளிர்நகரம் ஒன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் தாளித்தால் ஒன்பது வீட்டில் தும்முவார்கள். அவர்களில் உருத்திரமூர்த்திக்குத் தனி மரியாதை. ஊரில் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் இருபது வருடம் கிளாக்கராக இருந்தவர். இங்கே வந்து பிரெஞ்சும் படித்து, பத்து வீட்டுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். அவர் பேனை திறக்காமல் அந்தக் கட்டடத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததில்லை.

றெஜினாவின் கணவன் அல்பேட் மன்னார்க்காரன். சபனேல் தெருவில் ஒரு தைப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவன். நூறு மடிப்புத் துணியை மெசினால் ஒரே வெட்டில் கோடு பிசகாமல் வெட்டும் வலக்கை அவனுடையது. அந்தக் கைதான் இப்போது மூன்று ஆணிகளோடு கழுத்தில் தொங்கியது.

நடந்தது இதுதான். 2004 தை மாதம், ஒரு காலைப்பொழுது. பனி அள்ளும் வண்டிகள் தெருவுக்குள் வந்துவிட்டன. கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வண்டிக்காரன் ஊதுகுழலை அலறவிட்டான். அல்பேட் முகச்சவரம் செய்துகொண்டு நின்றவன். கட்டியிருந்த சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கன்னத்தில் நுரையோடும் காலில் செருப்போடும் ஓடி வந்தான். அவன் காருக்குக் கொக்கி போட்டாயிற்று. கார்த் திறப்பை உயர்த்திக் காட்டி, வண்டிக்கு முன்னால் நின்று, “ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்!” என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கெஞ்சினான்.

தெருவைக் காவல் காத்து நின்ற பொலிஸ் காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். இளையவன் ஒரு பேச்சும் வைக்கவில்லை. திறப்பு பிடித்திருந்த கையை எட்டிப் பிடித்து முதுகுப்பக்கம் முறுக்கினான். அல்பேட் வலியில் துள்ளினான். அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு இளையவன் இன்னும் மேலே முறுக்கினான். பச்சைத் தடி ஒடிகிற சத்தம் ஒன்று வந்தது. பிறகு முகத்தைக் காரின் மேல் இருந்த பனிக்கட்டியில் இரண்டு தடவை மோதி, பனிக்குவியலில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினான். வெள்ளைப் பனியில் நுரையும் இரத்தமும் கலந்து கிடந்தன. விலா எலும்பில் சப்பாத்தால் ஓர் உதை. “உன்ரை நாட்டுக்கே போ” என்று பிரெஞ்சில் ஒரு வசனம். முறிந்த கையையும் சேர்த்தே விலங்கு மாட்டினார்கள். மூத்தவன் அந்த நேரம் முழுவதும் தெருப்பலகையை வாசித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு வாசிக்க அந்தப் பலகையில் ஒன்றும் இல்லை.

கட்டடத்தின் முன்பக்க யன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். பின்னேரத்துக்குள் ரொறன்ரோவரைக்கும் தொலைபேசியில் செய்தி போய்விட்டது. ஆனால் றெஜினா வந்து சாட்சி கேட்டபோது எல்லோரும் குருடர்கள். “ஐயோ பிள்ளை, நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். ஒண்டும் காணேல்லை” என்றார் சிவநேசம் அக்கா. எந்தச் செருப்பு முதலில் கழன்றது என்பதுவரை முப்பது வீட்டுக்குச் சொன்னவர் அவர்தான்.

பொலிசார் மீதான முறைப்பாடுகளை எடுக்கும் கந்தோரின் படிவம் உருத்திரமூர்த்தியின் மேசைக்கு வந்தது. எந்த வகை முறைப்பாடு என்று அடையாளமிட அதில் ஐந்து பெட்டிகள். முதலாவது, மரியாதைக் குறைவான பேச்சு. பிறகு கடமையில் கவனயீனம், இனபேதம், அதிகாரத்தைத் தப்பாகப் பாவித்தல் என்று போய், ஐந்தாவதில் தேவைக்கு மிஞ்சிய பலாத்காரம். அவர் கண்ணாடியைத் துடைத்தார். ‘உன்ரை நாட்டுக்கே போ’ என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு முதலாவது பெட்டியில் ஒரு புள்ளடி போட்டார். விபரத்துக்கான இடத்தில், அந்த உத்தியோகத்தர் கடுமையாகப் பேசினார் என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி. அல்பேட் இடக்கையால் கையொப்பம் வைத்தான்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. றெஜினா வேலை செய்த கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில், ஆசிரியை ஒருத்தி அதை அவளுக்கு வாசித்துச் சொன்னாள். அந்த வாசிப்பின் விளைவுதான் உடைந்த கோப்பை.

“மரியாதைக் குறைவு எண்டால் சின்ன விசயமாம். வியாழக்கிழமை அந்தப் பொலிஸ்காரனோடை இருந்து கதைச்சு, கைகுலுக்கி, சமாதானமாப் போகட்டாம். அதோடை ஃபைலை மூடுவினமாம். பேந்து திறக்கேலாதாம்” என்றாள் றெஜினா. “கைகுலுக்கட்டாம், அண்ணை! எந்தக் கையாலை?”

உருத்திரமூர்த்தி உடைந்த துண்டுகளைப் பொறுக்கியபடி தரையில் குந்தியிருந்தார். நிமிராமலே பேசினார்.

“எண்பத்தஞ்சாம் ஆண்டு ஒரு தபால்காரர் என்னட்டை வந்தவர். ஆமிக்காரர் அடிச்சு முகமெல்லாம் வீங்கியிருந்தது. நான் உள்ளதை உள்ளபடி பெரிசா எழுதி மேலை அனுப்பினன். ஒரு கிழமையிலை அவற்றை சைக்கிள்தான் கிடைச்சது, ஆள் இல்லை. அண்டையிலிருந்து நான் பெரிய சொல் எழுதிறேல்லை, தங்கச்சி. சின்னனா எழுதினா ஆள் மிஞ்சும்.”

றெஜினாவும் குந்தி, மேசைக்கடியில் கிடந்த கோப்பைத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“அவரை இல்லாமல் செய்தது உங்கடை எழுத்தில்லை, அண்ணை. அடிச்சவங்கள்தான். நீங்கள் அவங்களை விட்டிட்டு உங்கடை பேனையிலை குற்றம் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்.”

படியிறங்கும்போது, கதவிடுக்கில் பாதி முகத்தோடு சிவநேசம் அக்கா நின்றார்.

“அக்கா, முப்பது வீட்டுக்குச் சொன்னனீங்கள். முப்பத்தோராவதா அந்தக் கந்தோருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்!”

கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை கைகுலுக்க முடியாது என்று உருத்திரமூர்த்தியே அந்தக் கந்தோருக்குத் தொலைபேசியில் சொன்னார். அதனால் அன்றைக்கு அங்கே அந்தப் பொலிஸ்காரனுக்குப் பதிலாக விசாரணைக்கார அம்மா ஒருவர் இருந்தார். நரைத்த தலை, கூரான பென்சில். உருத்திரமூர்த்தி மொழிபெயர்க்க உட்கார்ந்தார். முதல் கேள்வி, “அந்த உத்தியோகத்தர் உங்களை அடித்தாரா?”

“இல்லை” என்றான் அல்பேட்.

றெஜினா கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். “என்னப்பா சொல்லுறியள்? உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சோ?”

“அடியெண்டால் உனக்குத் தெரியாது, றெஜினா” என்றான் அல்பேட் அமைதியாக. “ஊரிலை ஆமிக் காம்பிலை எஸ்லோன் பிளாஸ்ரிக் பைப்புக்குள்ளை மண் நிரப்பி உள்ளங்காலிலை அடிச்சவங்கள். தலைகீழாத் தொங்கவிட்டு ரெண்டு நாள். பக்கத்திலை தொங்கினவன் மற்ற நாள் மூச்சு விடேல்லை. அது அடி. இவன் கையை முறுக்கினவன், தள்ளினவன். அவ்வளவுதான்.”

பென்சில் காத்திருந்தது. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை மொழிபெயர்த்தால் போதும், எல்லாம் சின்னதாக முடிந்துவிடும். உருத்திரமூர்த்தி வாயைத் திறந்தார், மூடினார். பிறகு அல்பேட்டின் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

“அல்பேட், அடியோ இல்லையோ எண்டதை விடு. அவன் என்ன செய்தவன்? ஒவ்வொண்டாச் சொல்லு.”

அல்பேட் சொன்னான். முறுக்கியது, ஒடிந்தது, முகத்தை மோதியது, முழங்கால், உதை, விலங்கு. சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்தது. விலங்குக்கு வந்தபோது, தன் கையைத் தானே முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்து, விம்மி அழுதான். காம்பில்கூட அழாதவன் என்று, அங்கே அவனோடு இருந்த தமையன் பிறகு சொன்னார்.

“அங்கை வாங்கின அடியை அளவுகோலா வைச்சு இங்கை விழுற அடியை அளக்காதேங்கோ” என்றாள் றெஜினா. “அப்பிடி அளந்தால் எங்களைச் சாக்கொல்லுமட்டும் ஒருத்தனும் குற்றவாளியில்லை!”

உருத்திரமூர்த்தி அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். விசாரணைக்கார அம்மா பழைய படிவத்தை எடுத்து, முதலாவது பெட்டியில் விரலை வைத்து, இதை நிரப்பியது யார் என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் அவர். “பயத்திலை எழுதினது. பிழையான பெட்டி.”

அப்போது கதவு தட்டப்பட்டது. கம்பளித் தொப்பியும் கைப்பையுமாகச் சிவநேசம் அக்கா. பஸ் மாறி மாறி வந்த களைப்பு. “நான் மீன் வெட்டினது உண்மை” என்று தொடங்கினார். “ஆனா யன்னலடியிலை நிண்டுதான் வெட்டினனான்.” ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். மீனின் விலையைக் கழித்துப் பார்த்தாலும் நான்கு பக்கம் சாட்சியம் தேறியது. ஊதுகுழல் எத்தனை தடவை ஊதும்வரை முழங்கால் முதுகில் இருந்தது என்பதுகூட அதில் இருந்தது. வம்பளக்கிற வாய் சரியான வாசலில் திறந்தால் அதற்குப் பெயர் சாட்சி.

முறைப்பாடு ஐந்தாவது பெட்டிக்கு மாறியது. இனபேதத்துக்கும் ஒரு புள்ளடி சேர்ந்தது. முடிவு வர இரண்டு வருடம் பிடித்தது. அந்தப் பொலிஸ்காரனைச் சில நாட்கள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். “இவ்வளவுதானோ?” என்று கட்டடம் உதட்டைப் பிதுக்கியது. அல்பேட்டின் கை முழுதாக நிமிரவில்லை. துணி வெட்டும் வேலையும் போய், அதே தொழிற்சாலையில் பெட்டி கட்டினான். ஆனால் நடந்ததை அதன் சொந்தப் பெயரில் சொல்கிற ஒரு கடதாசி கையில் இருந்தது. றெஜினா அதைத் திருமுழுக்குச் சான்றிதழ்களோடு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துப் பூட்டினாள். அநியாயத்தைச் சின்னதாக எழுதிக் கொடுப்பவர்கள் அநியாயக்காரனின் வேலையில் பாதியைச் செய்து கொடுக்கிறார்கள் என்பதை அந்தக் கட்டடம் ஒரு கையின் செலவில் கற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு, படிவத்தோடு யார் வந்தாலும் உருத்திரமூர்த்தி உடனே பேனையைத் திறப்பதில்லை. “முதல் என்ன நடந்தது எண்டு சொல்லு. பெட்டியைப் பேந்து பாப்பம்” என்பார்.

சிவநேசம் அக்கா மகனோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு இன்னும் பெரிய கட்டடம் கிடைத்ததாகக் கேள்வி. அல்பேட்டும் றெஜினாவும் அதே நகரின் அஹுன்ட்சிக் பகுதிக்கு வீடு மாறினார்கள். உருத்திரமூர்த்தியின் மகள் ஆர்த்திகா 2007 ஆவணியில் பிருந்தன் என்ற பொடியனைக் கட்டினாள். மணவறையில் தம்பதியின் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்த அல்பேட்டின் முறை வந்தபோது, கை தோளுக்கு மேல் எழவில்லை. அதைக் கண்ட உருத்திரமூர்த்தி, மகளையும் மருமகனையும் அவன் கை எட்டுமட்டும் குனியச் சொன்னார்.