பதினொன்றாம் எண்

கல்லூரியில் என் பட்டப்பெயர் பட்டாசு. அது எனக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாவரவியல் துறையில் பதினாறு வருடமாகக் கத்திக்கொண்டிருப்பவளுக்கு இதைவிடக் கேவலமாக ஏதாவது வைத்திருப்பார்கள் என்று பயந்திருந்தேன். அந்த மட்டும் சந்தோஷம்.

மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு நகரத்துக்குப் பத்து நாள் களப்பயணம். இருபத்தொரு மாணவர்கள், நான் ஒருத்தி. இரண்டு விமானம் மாறி, பிறகு மூன்று மணி நேரம் பேருந்தில் போக வேண்டும். ஆட்களைச் சரிபார்க்க எனக்கென்று ஒரு முறை உண்டு. ஆளுக்கு ஓர் எண். நான் "சொல்லுங்க" என்றதும் அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். எழுந்து போய்த் தலை எண்ணுவதெல்லாம் ஆடு மேய்க்கிறவர்கள் வேலை என்று பெருமையடித்துக்கொள்வேன்.

பதினொன்றாம் எண் என் அக்கா மகள். ஒரே மகள். விமான நிலைய வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை நம்பித்தான்டி அனுப்புறேன்" என்று அழுதாள். "சும்மா இரு அக்கா, நாலு பேர் பாக்குறாங்க" என்று அதட்டினேன். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நான் சித்தி, கல்லூரியில் மேடம். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது பாருங்கள், அதனால் மற்றவர்களுக்கு ஒரு திட்டு என்றால் அவளுக்கு இரண்டு.

நகரத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்றது. தகரக் கூரை, கழிப்பறை, பூட்டிக் கிடந்த ஒரு கடை. சுற்றிலும் காடு. பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்கு போட வேண்டிய இருட்டு. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சே நிமிஷம். அதுக்குள்ள வராதவங்க குரங்கோட குடித்தனம் பண்ணிக்கங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி ஏறியதும் முன் இருக்கையில் இருந்தபடி, பின்னால் பார்க்காமலே, "சொல்லுங்க" என்றேன். ஒன்று, இரண்டு என்று வந்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. எப்போதும் தூக்கக் கலக்கத்தில் முனகும் என் அக்கா மகள் அன்று கணீரென்று சொன்னாள். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தொன்று வந்ததும் வண்டி கிளம்பியது.

நகரத்து விடுதியில் அறைச் சாவிகளைக் கொடுத்து முடித்தபோது மேசைமேல் ஒரு சாவி மிச்சம் இருந்தது.

"பதினொண்ணு எங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வகுப்பில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருகை சொல்வது இந்தப் பிள்ளைகளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி.

"எவன்டா அவளுக்கு ப்ராக்ஸி குடுத்தது?"

பத்தாம் எண் நெட்டைப் பையன். அவன் முன்னால் வந்தான். "சத்தியமா யாரும் குடுக்கல மேடம். அவ சீட்டு எனக்கு முன்னாடிதான். குரல் அங்க இருந்துதான் வந்துச்சு."

"அப்ப அவ அங்க இருந்தாளா?"

"குரல் வந்துச்சு மேடம். நான் போனைப் பாத்துட்டிருந்தேன். அந்த ஜன்னல் மட்டும் திறந்திருந்துச்சு."

அவள் போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. பிள்ளைகளை விடுதிக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அதே வண்டியில் திரும்பினேன். நடந்ததைக் கேட்ட தமிழ்க்கார ஓட்டுநர், "முகத்தைப் பாக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். செருப்பால் அடித்தது போலிருந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அக்காவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை.

நிறுத்தத்தில் மழை விட்டிருக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கி, "பதினொண்ணு!" என்று கத்தினேன்.

"பதினொண்ணு!" காட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. உயிர் திரும்பி வந்தது எனக்கு. சேற்றில் காலை வைத்துவிட்டேன். உடனே இன்னொரு பக்கத்திலிருந்தும், "பதினொண்ணு!"

நின்றுவிட்டேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். பூட்டிய கடையின் ஓரத்தில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் இறுக மூடியிருந்தது. மரங்களுக்குள் மூன்றாம் முறையாக அவள் குரல் எண்ணைச் சொன்னது.

"கண்ணு, சித்தி வந்துட்டேன்டா. வாடா" என்று ஓடினேன்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "கிட்ட வராதீங்க!"

"நான்தான்டா தங்கம்."

"நாலு தடவை வந்துட்டீங்க. கண்ணு, தங்கம்னு அந்த மரத்துக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டீங்க. இதே குடைதான். ஒரு தடவை நம்பிப் போயிட்டேன், இடுப்பு வரைக்கும் சேறு." அவள் பற்கள் கிட்டித்தன. "அப்புறம்தான் தோணுச்சு, எங்க சித்தி எந்தக் காலத்துல என்னைத் தங்கம்னு கூப்பிட்டிருக்காங்க?"

நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"நீங்க சித்தின்னா என்னைத் திட்டுங்க."

பதினாறு வருடமாகத் தண்ணீர்பட்ட பாடாக வந்த வித்தை, அந்த நேரத்தில் வர மறுத்தது. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, திட்டத் துளியும் மனம் வரவில்லை. அவளோ சுவரை ஒட்டியே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள். சுவர் முடிந்தால் காடு.

"ஏன்டி எருமை!" என்று எப்படியோ கத்திவிட்டேன். குரல் பாதியில் உடைந்தது. "அஞ்சு நிமிஷம்னா உனக்கு அஞ்சு நாளா? உள்ள என்ன பரீட்சையா எழுதிட்டிருந்த? உங்கம்மாவுக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்?"

அவள் முகம் அப்படியே கரைந்தது. ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குடை எங்கே விழுந்தது என்று கூடப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன். இருபது அடி இருக்கும்.

பாதி வழியில் காட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது.

"ஏன்டி எருமை! அஞ்சு நிமிஷம்னா உனக்கு அஞ்சு நாளா?"

நான் உடைந்த அதே இடத்தில் அதுவும் உடைந்தது. என்னைவிட நன்றாகவே திட்டியது.

அவள் நின்றாள். மரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் பிடிக்குள் அவள் விரல்கள் மெல்ல விறைத்தன. கையை உருவப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இனி எதைச் சொன்னாலும் அது அதையும் கற்றுக்கொள்ளும். நகம் பதியும் அளவுக்கு அவள் மணிக்கட்டை இறுக்கி, திருடனை இழுப்பது போல இழுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இழுத்தேன். அவள் காலை ஊன்றிக்கொண்டு திமிறினாள். என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

வண்டிக் கதவை எட்டிப் பிடித்தபோது அவள் காட்டைப் பார்த்து, "சித்தி, காப்பாத்துங்க!" என்று அலறினாள்.